வருஷத்துக்கு 6 லட்சம்: வெல்டிங் மையம் திறக்கலாமா, படிப்புக் கட்டணம் கட்டலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டை டிரஸ்ட்

எங்களுடையது சின்ன டிரஸ்ட். வருஷத்துக்கு 6 லட்சம் செலவழிக்க முடியும். தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் பிளஸ் டூவோடு நின்றுவிட்ட பசங்களுக்கு வெல்டிங் மையம் திறக்கலாம் என்று ஒரு பேச்சு. இடம் தர ஆள் இருக்கிறார், 4 மெஷின் வாங்கணும். காலேஜ் ஃபீஸ் கட்டுவதே மேல் என்கிறார்கள் சிலர். எது சரி?

பதில்: ஆர்க் அடிக்கிறவன்

மையம் வேண்டாங்க. 4 மெஷின் ஒன்றாக ஓட 3 பேஸ் இணைப்பு வேணும், புகை போக எக்ஸாஸ்ட் வேணும், அதிலேயே முதல் வருஷப் பணம் கரையும். திறப்பு விழா போர்டு பளபளவென்று இருக்கும், ஆறாவது மாசம் வெல்டிங் ராடு வாங்கக் காசு இருக்காது.

அரசு ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையம்) வெல்டர் படிப்பு ஒரு வருஷம், எட்டாவது தேறினால் போதும், பயிற்சிக் கட்டணமும் இல்லை. அங்கே குறைவது கைப்பழக்கம்தான். ஐடிஐ முதல்வரிடம் பேசி, வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் அனுமதியை எழுத்தில் வாங்கி, மாலையில் கூடுதல் பயிற்சிக்குப் பணம் போடுங்கள்.

20 பேருக்கு என் கணக்கு: ஆளுக்கு நாளைக்கு ஒரு கிலோ ராடு, 60 நாள், கிலோ 120 ரூபாய் என்று வைத்தால் 1,44,000. பயிற்சித் தகடு 60,000. ஹெல்மெட், தோல் கையுறை, ஏப்ரன், ஷூ ஆளுக்கு 3,000 வீதம் 60,000. பயிற்றுநருக்கு 6 மாசம், மாசம் 20,000.

பழக எளிதான 6013 வகை ராடில் கை படிந்த பிறகே, வலுவான வேலைக்கான 7018 வகைக்குப் போகணும். 7018 ஈரத்தை இழுக்கும். நம்ம கடலோரக் காற்றில் பாக்கெட்டைத் திறந்து வைத்தால் அவ்வளவுதான்: வெல்டில் பொடிப்பொடியாகத் துளை விழும், பக்கத்திலேயே விரிசலும் விடலாம். பையன் கை சரியில்லை என்று திட்டுவார்கள், ஆனால் குற்றம் ராடுடையது. 300 முதல் 350 டிகிரியில் 2 மணி நேரம் சுட்டு, சூட்டுப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கணும். மிச்சப் பணத்தில் முதலில் வாங்க வேண்டியது ராடு சுடும் அந்த அடுப்புதான். நன்கொடையாளர் பட்டியலில் அது வந்து பார்த்ததில்லை!

பதில்: மணலி எச்ஆர்

மேலே சொன்ன மிச்சப் பணத்தில் 1,60,000-ஐ ஒதுக்கிவிடுங்கள், வேலைக்குப் போகும் ஆளுக்கு 8,000. வேலைக்குச் சேர்ந்தவனுக்கு முதல் சம்பளம் அடுத்த மாசம்தான் கைக்கு வரும். அதுவரை பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும், ஒரகடம் போனால் ரூம் அட்வான்ஸுக்கும் காசில்லாமல் பத்து நாளில் திரும்பி வருகிறவர்கள்தான் அதிகம். வேலை பிடிக்காமல் ஓடினான் என்று எழுதிவிடுவார்கள்.

எத்தனை ஆஃபர் லெட்டர் என்று எண்ணாதீர்கள். வேலையில் நிலைத்தானா என்று ஆறாவது மாசம் பிஎஃப் பாஸ்புக்கைப் பாருங்கள். அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) சட்டத்தில் சேர்ந்தவனுக்கு பிஎஃப் கிடையாது. அவனுக்கு உதவித்தொகை பேங்கில் ஏறுகிறதா என்று பார்த்தால் போதும்.

பதில்: கணக்குப்பிள்ளை

காலேஜ் ஃபீஸ் விஷயம். அரசு ஏற்கெனவே கட்டுவதை நீங்களும் கட்டாதீர்கள். பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளி மாணவருக்குக் கட்டணமும் ஹாஸ்டலும் அரசுடையது. கவுன்சலிங்கில் போகிறவருக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் இருந்தால் டியூஷன் ஃபீஸ் சலுகை உண்டு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வனில் மாசம் 1,000 வருகிறது, அது ஐடிஐக்கும் பொருந்தும். பலருக்கு இவை தவறிப்போவது ஆதாரில் ஒரு இனிஷியல், மார்க் ஷீட்டில் வேறு இனிஷியல் என்பதால்தான். மே மாசம் இ-சேவை மையத்தில் ஒரு ஆளை உட்கார வைத்தால் 20,000-க்குள் முடியும்.

பணம் சேர்க்க: 80ஜி (நன்கொடை தருபவருக்கு வருமான வரி விலக்கு தரும் பதிவு) இருந்தால் 2,000-க்கு மேல் ரொக்கமாக வாங்காதீர்கள், கொடுத்தவருக்கு விலக்கு கிடைக்காது. எண்ணூர், மணலி கம்பெனிகளிடம் சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) நிதி கேட்க, டிரஸ்ட்டின் வருமானத்துக்கு வரி விலக்கு தரும் 12ஏ, 80ஜியோடு சிஎஸ்ஆர்-1 பதிவும் வேணும். தொழில் திறன் பயிற்சி கம்பெனிச் சட்டம் 2013-இன் ஏழாவது அட்டவணையிலேயே இருக்கிறது. தங்கள் ஊழியர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நிபந்தனை போட்டால் அது சிஎஸ்ஆர் கணக்கில் வராது.

டிரஸ்ட் பத்திரத்தில் நோக்கம் தெளிவாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பச்சையப்பன் கல்லூரிக்குப் பெயர் தந்த பச்சையப்பர் 1794-இல் காலமானார், தர்மத்துக்கு விட்டுப்போன சொத்து வழக்கில் மாட்டி, பிராட்வேயில் பள்ளி திறக்க 1842 ஆயிற்று.

கேட்டவர்: தண்டையார்பேட்டை டிரஸ்ட்

எங்கள் பத்திரத்தில் "கல்வி உதவி" என்று மட்டும்தான் இருக்கிறது. ராடு வாங்கினால் ஆடிட்டர் கேட்பாரா?

பதில்: கணக்குப்பிள்ளை

தொழிற்பயிற்சி கல்விக்குள் வரும். ஆனால் அந்த 8,000 ரூபாயைத்தான் கேட்பார். பயிற்சி முடித்தவருக்கான உதவித்தொகை என்று தீர்மானம் போட்டு, மாணவர் பேங்க் கணக்குக்கே அனுப்புங்கள்.