கிளினிக் நாளும் அரைப்பேரும்

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அதாவது தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், வேலை செய்கிறேன். தோட்டத்து ஆட்களுக்கு ஊசி என்றால் பயம் என்று டவுனில் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஊசிக்கு எங்கள் சனம் புதுசா என்ன? அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த எங்கள் ஆட்களை மண்டபம் கேம்பில் தடுத்து வைத்து, அம்மை குத்தித்தானே இலங்கைக்குக் கப்பல் ஏற்றினார்கள். அந்தப் பெரியம்மை உலகத்திலேயே இல்லை என்று 1980இல் அறிவித்துவிட்டார்கள்.

போன வருஷம் கொழுந்து பறிக்கும் ஒரு தங்கச்சி தன் ஒன்பது மாதப் பிள்ளைக்கு, சின்னமுத்தைத் (தட்டம்மையை) தடுக்கும் எம்எம்ஆர் ஊசி போடும் திகதியைத் தவறவிட்டுவிட்டாள். ஊசிகளைக் குறிக்கும் பிள்ளையின் நீலப் புத்தகத்தில் அந்தக் கட்டம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. ஏன் என்று கேட்டேன். "கிளினிக் போனா கொழுந்து எடை வராது டீச்சர், அரைப்பேர்தான் போடுவாங்க. ராவைக்குக் காய்ச்சல் வந்தா மறுநாள் பேரும் போச்சு" என்றாள். பேர் என்றால் எங்களிடம் ஒரு நாள் சம்பளக் கணக்கு, அரைப்பேர் என்றால் அதில் பாதி. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மிட்வைப் மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் அவளைத் தேடி மலைக்கே போனார். அன்றிரவே காய்ச்சல் காய்வது பெரும்பாலும் இரண்டு, நாலு, ஆறு மாதத்தில் போடும் ஐங்கூட்டு ஊசிக்குத்தான், எம்எம்ஆருக்கு வந்தாலும் ஒரு வாரம் போல கழித்துத்தான் வரும், அதுவும் லேசாக என்று விளக்கினார். அதை அவளுக்கு அதுவரை யாருமே சொல்லியிருக்கவில்லை. அடுத்த கிளினிக்கில் ஊசி போட்டாயிற்று.

இதில் நான் இவ்வளவு மெனக்கெடக் காரணம் நாங்கள் குடியிருக்கும் லயம்தான். ஒரே கூரை, ஒட்டி ஒட்டிக் காம்பரா. சின்னமுத்து காற்றிலேயே பரவும். நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேராவது ஊசி போட்டிருந்தால்தான் அதை மறிக்கலாம். இலங்கையில் சின்னமுத்து ஒழிந்தது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது, 2023இல் திரும்பவும் பரவியது. ஒன்பது மாதம் ஆகாத கைக்குழந்தைக்கு வழக்கமாக இந்த ஊசி இல்லை. பக்கத்துக் காம்பராப் பிள்ளை போட்டிருந்தால்தான் அதற்கும் பாதுகாப்பு.

இளம்பிள்ளைவாதம் இந்த நாட்டில் கடைசியாக வந்தது 1993இல். அப்புறம் வராததற்குக் காரணம், தாய்மார் பேரை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு நடந்ததும்தான். கிளினிக் நாளுக்கு முழுப்பேர் போடச் சொல்லி எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவரிடம் கேட்டிருக்கிறோம். உங்கள் தோட்டத்தில் அப்படிப் போடுகிறார்களா? போடுகிறார்கள் என்றால் யாரிடம் பேசி வாங்கினீர்கள் என்று எழுதுங்கள்.