உதவி தேவை: பால்டர்ஸ் கேட் 2, ஃபிர்க்ராக்கின் முன்னால் என் பார்ட்டி நிற்கவே மாட்டேன் என்கிறது

வைரவன்பட்டி_வாள்:

வணக்கம் மக்களே. பால்டர்ஸ் கேட் 2 கம்ப்யூட்டர் ஆட்டம், என்ஹான்ஸ்டு எடிஷன், கோர் ரூல்ஸ் கடினநிலை. விண்ட்ஸ்பியர் மலைக்கு அடியில் இருக்கும் சிவப்பு டிராகன் ஃபிர்க்ராக்கிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். இந்தக் கட்டத்துக்கு இன்னும் வராதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கதை உடைந்துவிடும்.

பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்குக் காரைக்குடி வந்திருக்கிறேன். வளவில் சாமான் பரப்பி எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாம் கட்டில் ஓர் அறை காலியாகக் கிடைத்ததால் லேப்டாப்போடு உள்ளே போய்விட்டேன். பேட்டரி செத்த லேப்டாப், கரண்ட் போனால் ஆட்டமும் போச்சு. ஆகவே நீண்ட சண்டை எனக்குக் கட்டுப்படியாகாது.

பார்ட்டி, அதாவது என் ஆறு பேர் குழு: நான் (சாதா ஃபைட்டர்), மின்ஸ்க், ஜஹீரா, கெல்டார்ன், யோஷிமோ, ஏரி. அடிக்கிற ஆட்கள் 9, 10 லெவலில் இருக்கிறார்கள். ஏரி மந்திரவாதத்தில் 10, கிளெரிக்கில் (பூசாரி வகுப்பு) 9. வேறு மந்திரவாதி கிடையாது.

நடப்பது இதுதான். சண்டை தொடங்கியதும் மின்ஸ்க்கும் ஜஹீராவும் பயந்துபோய் குகை முழுக்க ஓடுகிறார்கள். மிச்சம் நிற்பவர்கள் மேல் நெருப்பு மூச்சு. ஏரி அந்த ஒரு மூச்சிலேயே போய்விடுகிறாள். தப்பித்தவர்களைச் சிறகால் அடித்துத் தூக்கி எறிகிறான், அவர்கள் எழுந்திருப்பதற்குள் கதை முடிந்துவிடுகிறது. ஏரியை விட்டு ஃபயர்பால் போட்டுப் பார்த்தேன், அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இன்னொரு சந்தேகம். இப்போது சண்டை போடாமல் வெளியே போய்விட்டால், டிராகன் கடத்தி வைத்திருக்கும் இல்தா, காரன் என்பவரின் மகள், என்ன ஆவாள்? கார்சோமிர் வாளும் வேண்டும், அந்தப் பெண்ணும் பிழைக்க வேண்டும்.

செக்காலை_ரோடு:

சிவப்பு டிராகனுக்கு ஃபயர்பால் போட்டால் என்ன ஆகும்? குளிர் காய்வான். நெருப்பு அவனுக்கு உறைக்கவே உறைக்காது தம்பி. நெருப்பு அம்பு வைத்திருந்தால் அதையும் எடுத்து வை, ஆசிட் அம்பு இருந்தால் அதைப் போடு.

பயத்துக்குக் கெல்டார்னை முன்னால் நிறுத்து. அவர் பாலடின், புனித வீரர். பாலடினுக்குப் பயம் வராது. மற்றபடி இரண்டு லெவல் ஏற்றிக்கொண்டு வா, அவ்வளவுதான்.

ஆத்தங்குடி_கல்:

லெவல் ஏற்றினால் சுலபம் என்பது உண்மைதான். ஆனால் இந்த லெவலிலேயே முடியும்.

முதலில் இல்தா கவலையைத் தீர்த்துவிடலாம். ஃபிர்க்ராக் உன்னைப் பார்த்ததும் பாய்கிறவன் இல்லை, பேசுவான். நீ சண்டை வேண்டாம் என்று பதில் சொன்னால் விட்டுவிடுவான். வெளியே வரும்போது கான்ஸ்டர் என்கிற மந்திரவாதி மறிப்பான். அவனை முடித்துவிட்டு இல்தாவை விடுவித்து காரனிடம் சேர்த்துவிடு. குவெஸ்டில் அவள் பங்கு அதோடு சரி. டிராகன் எங்கேயும் போகமாட்டான். அப்புறம் தங்கி ஓய்வெடுத்து, கடைக்குப் போய், தயாராகி வரலாம். அனுபவப் புள்ளியும் கையில் சேர்ந்திருக்கும்.

இப்போது பயம். செக்காலை சொன்னது கேவலியர் என்கிற பாலடின் வகைக்குப் பொருந்தும். கெல்டார்ன் இன்குவிசிட்டர் என்கிற வேறு வகை. வசியமும் பிடித்து நிறுத்தும் மந்திரமும்தான் அவரிடம் பலிக்காது, பயம் பிடிக்கும். ஏரியின் முதல் லெவல் கிளெரிக் ஸ்பெல்லில் ரிமூவ் ஃபியர் இருக்கிறது. பெயரைப் பார்த்து, ஆட்கள் ஓடிய பிறகு போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். சண்டைக்கு முன்பே போட்டால் பயம் அண்டவே அண்டாது. முதல் லெவல் இடம்தானே, இரண்டு மூன்றாக மனப்பாடம் செய்து வைத்துக்கொள், ஒருவரும் விடுபடக் கூடாது. மின்ஸ்க்கின் பெர்சர்க் வெறியை மட்டும் நம்பாதே. பயம் போய்விடும், ஆனால் அவன் கோடரி பக்கத்தில் நிற்கிற உன் தலையிலும் இறங்கும்.

நெருப்பு. ஜஹீராவிடம் நெருப்புக் காப்பு ஸ்பெல்கள் இருக்கின்றன, ஏரியிடமும் உண்டு, மருந்துக் குப்பியும் கிடைக்கும். ஆனால் ஃபிர்க்ராக் வெறும் பல்லும் நகமும் இல்லை, ஸ்பெல்லும் போடுவான். நீ போட்ட காப்பு கலைந்துபோக வாய்ப்பு உண்டு. மாட்டியிருக்கும் மோதிரமும் மேலங்கியும் கலையாது. ஆகையால் நெருப்பு எதிர்ப்பு தரும் பொருள்கள் எத்தனை இருக்கின்றனவோ அத்தனையையும் டிராகன் முகத்துக்கு நேரே நிற்கப் போகிற ஒருவருக்கே பூட்டு. ஆளுக்கு ஒன்று பங்கு வைத்தால் எல்லோரும் அரைவேக்காடு. ரெக்கார்ட் பக்கத்தில் எதிர்ப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டே மாட்டு, 100 வந்துவிட்டால் அந்த ஆளுக்கு மூச்சு வெறும் காற்று.

அடுத்தது நிற்கிற இடம். பெரும்பாலானவர்கள் தோற்பது இங்கேதான். நம் வீட்டில் முகப்பில் நின்று பார்த்தால் பின்கட்டு வாசல் வரை நேராகத் தெரியும் இல்லையா? உன் பார்ட்டி அந்த வாசல்கள் மாதிரி ஒரே வரிசையில் நிற்கிறது. ஒரு மூச்சு விட்டால் முகப்பிலிருந்து பின்கட்டு வரை எரிகிறது. முகத்துக்கு நேரே ஒருவர், இடுப்புப் பக்கம் இருவர், வாலுக்குப் பின்னால் ஒருவர் என்று பிரித்து நிறுத்து. ஏரியும் வில் பிடிப்பவரும் குகையின் எதிர் எதிர் ஓரங்களில் நிற்கட்டும், ஒரே மூலையில் வேண்டாம்.

இதையெல்லாம் சண்டை தொடங்கிய பிறகு செய்ய முடியாது. முதலில் பேசு, சண்டை வேண்டாம் என்று சொல். அவன் நடுநிலையாகவே நிற்பான். ஆட்களை நிதானமாக இடத்தில் நிறுத்து. நீண்ட நேரம் நிற்கும் காப்புகளை முதலில் போடு, வேகம் கூட்டும் ஹேஸ்டைக் கடைசியில் போடு. ஹேஸ்ட் மூன்று ரவுண்டு, கூடவே லெவலுக்கு ஒரு ரவுண்டு. உன் ஏரி போட்டால் 13 ரவுண்டு, அதாவது 78 வினாடி. அதை வீணாக்காதே. போட்ட கையோடு மறுபடி பேசியோ முதல் அடி அடித்தோ தொடங்கு. பேச்சு ஓடும்போது கடிகாரம் நின்றுவிடும் என்பதால் அவன் வசனம் பேசுவதால் உனக்கு நஷ்டம் இல்லை.

வைரவன்பட்டி_வாள்:

அண்ணே, கோடி நன்றி. ஒன்று மட்டும். லோயர் ரெசிஸ்டன்ஸ் போட்டு டிராகனின் மந்திர எதிர்ப்பை இறக்கிவிட்டு ஸ்பெல்லால் சாய்க்கிறார்களே, அது எனக்கு ஒத்துவருமா?

ஆத்தங்குடி_கல்:

அண்ணே இல்லை, ஆச்சி. இந்த ஆட்டம் நான்கு சிடியில் வந்த காலத்திலேயே என் தம்பிகளை எழுப்பிவிட்டு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவள் நான்.

லோயர் ரெசிஸ்டன்ஸ் நல்ல ஸ்பெல். டிராகனின் மந்திர எதிர்ப்பு அதைத் தடுக்காது, தப்பிக்க உருட்டும் சேவிங் த்ரோவும் கிடையாது. ஒரு தடவை போட்டால் 10 சதவீதமும் லெவலுக்கு ஒன்று வீதமும் இறங்கும், உன் ஏரிக்கு அது 20. அவளிடம் ஐந்தாம் லெவலில் இருப்பது இரண்டே இடம். இரண்டையும் செலவழித்தாலும் 40தான். அதன் பிறகும் அவனிடம் எதிர்ப்பு மிச்சம் இருக்கும், உன்னிடம்தான் பெரிய ஸ்பெல் ஒன்றும் மிச்சம் இருக்காது. எட்வின், நலியா என்று இரண்டு முழு மந்திரவாதிகள் இருக்கும் பார்ட்டிக்கு அந்த வழி. உன்னுடையது இரும்பால் அடிக்கிற பார்ட்டி. ஏரியின் வேலை ஹேஸ்ட், ரிமூவ் ஃபியர், தனக்கு ஸ்டோன்ஸ்கின். அதோடு ஒதுங்கி நிற்கட்டும். ஸ்டோன்ஸ்கின் நகத்தைத் தடுக்குமே தவிர நெருப்பைத் தடுக்காது, அதையும் நினைவில் வை.

வைரவன்பட்டி_வாள்:

மன்னிக்கணும் ஆச்சி. முயன்று பார்த்துவிட்டு வருகிறேன்.

மலேயா_பேரன்:

இத்தனை மெனக்கெடவே வேண்டாம். யோஷிமோ இருக்கிறானே? எதிரி கண்ணில் பட்டால் பொறி வைக்க முடியாது, ஆனால் ஃபிர்க்ராக் பேசி முடிக்கும் வரை எதிரி இல்லை. அவன் காலடியிலேயே பொறியாகப் பதித்துவிடு. தீர்ந்தால் வெளியே போய் ஓய்வெடுத்துவிட்டு வந்து இன்னும் வை. முதல் அடி விழுந்ததும் எல்லாம் ஒன்றாக வெடிக்கும். கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே சரிந்துவிடுவான்.

கொத்தமங்கலம்_குறும்பன்:

இதெல்லாம் ஒரு வெற்றியா அண்ணே? அத்தனை வயதான டிராகன், காலுக்குக் கீழே ஒருத்தன் மணிக்கணக்கில் குனிந்து நோண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்பானாம்.

ஏரியின் அனிமேட் டெட் யாருக்கும் நினைவு வரவில்லையா? மூன்றாம் லெவல் கிளெரிக் ஸ்பெல். எலும்புக்கூட்டை முன்னால் விட்டால் முதல் மூச்சும் முதல் சிறகடியும் அதன் மேல் போகும். அந்த இடைவெளியில் நீ பக்கவாட்டில் அடிக்கலாம்.

மலேயா_பேரன்:

தம்பி, பொறி வைப்பது அவன் தொழில், பௌண்டி ஹண்டர் என்று ஆட்டமே பெயர் கொடுத்திருக்கிறது. கண்ணுக்கெட்டாத தூரத்தில் நின்று விஷப்புகை போட்டுக் கொல்கிறார்களே, அதைச் சொல் ஏமாற்று என்று. கல்யாணத்துக்கு வந்த பையனுக்கு நேரம் இல்லை, கரண்ட் வேறு போகும்.

ஆத்தங்குடி_கல்:

சண்டையைத் தொடங்கும் முன் அடிக்கிற பொறி ஒன்றிரண்டு வைத்தால் தப்பில்லை. காலடி முழுக்கப் பொறியாகவே வைத்துவிட்டு டிராகனை வென்றேன் என்று ஊரில் சொன்னால் நான் மட்டும் சிரிப்பேன். எலும்புக்கூடு நல்ல யோசனை.

வைரவன்பட்டி_வாள்:

நிலவரம்: இல்தா வீடு சேர்ந்தாள். கான்ஸ்டர் பெரிய ஆள் இல்லை, கெல்டார்னின் டிஸ்பெல்லில் அவன் காப்பெல்லாம் உதிர்ந்துவிட்டது.

டிராகனிடம் பாதி தேறிவிட்டது. ஒருவரும் ஓடவில்லை. நெருப்புப் பொருளெல்லாம் கெல்டார்னிடம் இருப்பதால் அவர் அசையாமல் நிற்கிறார். ஆனால் சிறகு அடித்ததும் நானும் மின்ஸ்க்கும் ஜஹீராவும் ஒரே நேரத்தில் மயங்கி விழுகிறோம். தனியாக நிற்கும் கெல்டார்னை அவன் கடித்துத் தீர்த்துவிடுகிறான். ஒரு தடவை மின்ஸ்க் உடலே சிதறி, படமும் பார்ட்டியிலிருந்து மறைந்துவிட்டது. அவனை எழுப்ப வழி உண்டா?

ஆத்தங்குடி_கல்:

படம் மறைந்துவிட்டால் இல்லை. உடல் முழுசாகக் கிடந்தால் ரெய்ஸ் டெட் போடலாம், கோயிலிலும் எழுப்புவார்கள். சிதறியவனுக்கு எதுவும் எடுபடாது, பழைய சேவுக்குப் போய்விடு.

சிறகடிக்குக் காப்பு என்று எதையும் தேடி அலையாதே, தூரம்தான் காப்பு. நீங்கள் நான்கு பேரும் ஒன்றாக ஒட்டி நிற்பதால் மூன்று பேர் ஒன்றாக விழுகிறீர்கள். இருவர் இருவராக மாற்று. கெல்டார்னும் நீயும் ஒட்டி அடியுங்கள். மின்ஸ்க்கும் ஜஹீராவும் வில், கவண் எதையாவது வைத்துக்கொண்டு தள்ளி நிற்கட்டும். நீங்கள் விழுந்த நொடி ஸ்பேஸ் பாரைத் தட்டு, அவர்கள் இருவரையும் உள்ளே அனுப்பு. டிராகன் கவனம் அங்கே போகும்போது நீங்கள் எழுந்துவிடுவீர்கள். ஆட்டோ பாஸில் பாத்திரம் அடிபடும்போது நிற்கும்படி வைத்திருந்தால் கை தானாகச் செய்யும். இந்த எஞ்சினில் சண்டை நிகழ்நேரத்தில் ஓடுவது போலத் தெரிந்தாலும் நிறுத்தி நிறுத்தி ஆடுகிறவனுக்காகச் செய்த ஆட்டம் இது.

செக்காலை_ரோடு:

ஒரு நிமிடம். மத்தியானப் பந்தியில் இலை எடுக்கப் பையன் ஒருத்தன் குறைகிறான் என்று தேடினார்களே. இரண்டாம் கட்டில் டிராகன் அடித்துக்கொண்டிருந்தது நீதானா? நான் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம்.

வைரவன்பட்டி_வாள்:

அயித்தான், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

செத்தான் ஃபிர்க்ராக்! இருவர் இருவர் முறைதான் வேலை செய்தது. எலும்புக்கூடு முதல் மூச்சை வாங்கிக்கொண்டு போனது. யோஷிமோ பொறி இரண்டே இரண்டு, ஆச்சி சிரிக்கக் கூடாது. ஜஹீரா விழுந்தாள், உடல் முழுசாக இருப்பதால் கோயிலுக்குத் தூக்கிப் போகிறேன். ஹேஸ்ட் தீர்ந்த பிறகுதான் கடைசி அடி விழுந்தது, கொஞ்சம் திகிலாகவே இருந்தது.

கார்சோமிர் யாருக்கு? சிவப்புச் செதிலும் கிடைத்திருக்கிறது. இந்தச் சூட்டோடு துறைமுகப் பகுதியில் இருக்கும் கங்காக்ஸ் என்கிற செத்தும் சாகாத மந்திரவாதியையும் பார்த்துவிடலாமா?

ஆத்தங்குடி_கல்:

கார்சோமிரைப் பாலடின் தவிர யாரும் தொட முடியாது, உன் பார்ட்டியில் கெல்டார்ன்தான். பிடித்தவருக்கு 50 சதவீதம் மந்திர எதிர்ப்பு, எதிரி மேல் பட்டால் அவன் காப்பும் கலையும். செதிலை அதே துறைமுகப் பகுதியில் கிராம்வெல் என்கிற குள்ளக் கொல்லனிடம் கொடு, கவசம் செய்து தருவான், கூலி உண்டு.

கங்காக்ஸ் இப்போது வேண்டாம். முதல் உருவத்தை அடித்துவிடலாம், அடித்ததும் டெமிலிச் என்கிற இன்னும் பலமான உருவமாக மாறி நிற்பான். +4 மந்திர பலத்துக்குக் கீழே எந்த ஆயுதமும் அவன் மேல் படாது. உன்னிடம் அப்படி இருப்பது கார்சோமிர் ஒன்றுதான், அது +5. அவனோ இம்ப்ரிசன்மென்ட் போட்டு ஒவ்வொருவராகப் பூமிக்குள் புதைத்துக்கொண்டே இருப்பான். செத்தும் சாகாதவர்களிடமிருந்து காக்கும் ப்ரொட்டெக்ஷன் ஃப்ரம் அன்டெட் சுருள் ஒன்று கிடைக்கும் வரை பொறு. கிடைத்ததும் கெல்டார்னுக்குப் படித்துவிட்டு, அவரை மட்டும் உள்ளே அனுப்பு. மற்ற ஐந்து பேரும் தெருவிலேயே நிற்கட்டும்.

செக்காலை_ரோடு:

சுருளை அப்புறம் தேடலாம். ராத்திரிப் பந்திக்கு இலை போட ஆள் வேண்டும், முகப்புக்கு வா.