ஸ்லோ குக்கரில் ஆட்டுக்கால் சூப்: அப்பா வைத்த வாசம் மட்டும் வரமாட்டேன் என்கிறது

பூட்டுக்காரர் மகள் (ஒட்டாவா)

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பா திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை வைத்திருந்தார். மாங்காய்ப் பூட்டுக்கு அரம் போட்டே விரல் எல்லாம் காய்த்துப் போயிருக்கும். வாரம் ஆறு நாளும் அம்மா சமையல், ஞாயிறு காலை சூப் மட்டும் அப்பா கையில். சனிக்கிழமை சாயங்காலம் பட்டறையைச் சாத்திவிட்டு வரும்போதே ஒரு செட் கால் வாங்கி வந்துவிடுவார். ராத்திரி சாப்பாடு முடிந்து விறகடுப்பு அடங்கியதும் பெரிய மண்சட்டியில் போட்டுத் தணல்மேல் ஏற்றி, மேலே ஒரு தட்டு, தட்டுமேல் ஒரு செங்கல். அவ்வளவுதான், போய்ப் படுத்துக்கொள்வார். விடிய அஞ்சு மணிக்கு எழுந்து தாளிப்பார். அந்த வாசத்தில்தான் நானும் அண்ணனும் எழுந்திருப்போம், பல் விளக்கக்கூடப் பொறுமை இருக்காது. எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, கை சுடச்சுட, அடுப்படியில் நின்றபடியேதான் குடிப்போம்.

அப்பா போன தை மாதம் காலமானார். இந்த மாதக் கடைசியில் முதல் வருஷத் திதி. அன்றைக்கு ஊரில் அண்ணன் செய்கிறான், சைவம்தான். மறுநாள் ஞாயிறு. அன்றைக்கு இங்கே என் வீட்டில் அப்பாவின் சூப்பை வைத்து, ஒரு டம்ளர் அவர் படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும் என்று மனசில் இருக்கிறது.

விறகடுப்புக்கு இங்கே எங்கே போவது? ஆறு குவார்ட் ஸ்லோ குக்கர் ஒன்று வைத்திருக்கிறேன். 2014ல் அப்பா இங்கே வந்திருந்தபோது அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது கரண்ட்டுல வேகுற மண்சட்டி, அவ்வளவுதானே" என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் இறங்கினேன். இதுவரை மூன்று தடவை வைத்துவிட்டேன், மூன்றும் சொதப்பல்.

முதல் தடவை, ஃப்ரோசன் கால்களை அப்படியே போட்டு 12 கப் தண்ணீர் ஊற்றினேன். எட்டு மணி நேரம் கழித்துத் திறந்தால் மஞ்சள் தண்ணீர். இரண்டாவது தடவை தண்ணீரைப் பாதியாகக் குறைத்து, மிளகு சீரகத்தைப் பொடித்து முதலிலேயே போட்டேன். காரம் இல்லை, ஒரு கசப்புதான் நின்றது. மூன்றாவது தடவை பதம் ஏறக்குறைய வந்தது, உதட்டில் பிசுபிசுவென்று ஒட்டியது. ஆனால் வாசம்? ஒரு மாதிரி ஈர வாடை. மகன் முகர்ந்துவிட்டு நாய்க்குட்டி வாசம் அடிக்கிறது என்றான்.

அப்பாவிடம் அளவு என்று எதுவும் கிடையாது. மிளகு ஒரு கைக்குழி, சீரகம் அதில் பாதி, சின்ன வெங்காயம் ஒரு கை, பூண்டு ஒரு முழுசு, ஒரு தக்காளி. அவர் கைக்குழியும் என் கைக்குழியும் ஒன்றா? இங்கே ஹலால் கடையில் கால் சுத்தம் செய்து, வெள்ளை வெளேரென்று, பாக்கெட் போட்டு வருகிறது. எங்கே தப்பு விடுகிறேன்?

எட்டு விசில்

ஸ்லோ குக்கர் எல்லாம் எதற்கு? பிரஷர் குக்கரில் போட்டு எட்டு விசில், அப்புறம் சிம்மில் அரை மணி நேரம். ஒரு மணி நேரத்தில் சூப் ரெடி. எலும்பு தனியாகக் கழன்று வரும். வேலை முடிந்தது.

பூட்டுக்காரர் மகள்

வழக்கமாக நானும் குக்கரில்தான் வைப்பேன், நன்றி. இந்த ஒரு சூப்பை மட்டும் ராத்திரி ஏற்றிவிட்டுப் படுக்க வேண்டும் என்று ஆசை.

கறிக்கடைப் பேரன்

அக்கா, உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. "வெள்ளை வெளேரென்று" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் கோளாறு.

எங்கள் தாத்தா கறிக்கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் லீவு விட்டால் காலைச் சுடுவது என் வேலை. நம் ஊரில் காலை நெருப்பில் வாட்டித்தான் கொடுப்பார்கள். மயிர் பொசுங்கி, தோல் கருகி, சூடு ஏறியதும் ஒரு தட்டு தட்டினால் குளம்பு கழன்று விழும். அப்புறம் கத்தியால் கரியைச் சுரண்டி, மஞ்சள் தடவிக் கழுவுவோம். எவ்வளவு கழுவினாலும் அந்தச் சுட்ட வாசம் தோலுக்குள் இறங்கியிருக்கும். உங்கள் மூக்கு ஒரு வருஷமாகத் தேடுவது அதைத்தான். பாக்கெட்டில் வெள்ளையாக வரும் கால் பெரும்பாலும் வெந்நீரில் முக்கி மயிர் எடுத்தது. அதில் நெருப்பே பட்டிருக்காது. மிளகை எத்தனை கைக்குழி போட்டாலும் அந்த வாசம் வராது.

கடையில் சுட்ட கால் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சில கடைகளில் தனியாக வைத்திருப்பார்கள், பழுப்பும் கறுப்புமாக இருக்கும். கிடைக்காவிட்டால், இருக்கிற காலை நன்றாக ஈரம் துடைத்து, ஓவனில் மேல் கம்பி மட்டும் எரிகிற மாதிரி வைத்து, திருப்பித் திருப்பி அங்கங்கே கறுக்கும்வரை சுடுங்கள். சமையல் டார்ச் இருந்தால் இன்னும் நல்லது. வீட்டுக்குள் செய்தால் புகை அலாரம் கத்தும், முன்கூட்டியே ஜன்னலைத் திறந்து வையுங்கள். சுட்டதும் சுரண்டி, மஞ்சளும் கல் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

இன்னொன்று. ஸ்லோ குக்கரில் போடும் முன் அடுப்பில் ஒரு பாத்திரத்தில் பத்து நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சத்து போய்விடும் என்று சண்டைக்கு வருவார்கள். பத்து நிமிஷத்தில் அழுக்கு நுரைதான் போகும். சத்து, பிசுபிசுப்பு எல்லாம் மணிக்கணக்கில் வெந்தால்தான் வெளியே வரும்.

ஸ்கார்பரோ மாமி

தங்கச்சி, அப்பாவை நினைச்சுச் செய்யிறது நல்ல விஷயம். நான் யாழ்ப்பாணம். எங்கட வீட்டில அம்மா ஆட்டெலும்பு ரசம் வைப்பா. தடிமன் எண்டாலும் ரசம், மழை எண்டாலும் ரசம். அம்மா போய் நாலு வருசம். அவவின்ர துவசம் முடிஞ்ச அடுத்த கிழமை நானும் ஸ்லோ குக்கரிலதான் அந்த ரசம் வைக்கிறனான். வேலைக்குப் போகமுன்னம் போட்டால் பின்னேரம் வீடு முழுக்க மணக்கும்.

மிளகுக்கு வாறன். அம்மா மிளகு, சீரகம், மல்லி, உள்ளி, ரெண்டு செத்தல் மிளகாய் எல்லாத்தையும் உரலில இடிச்சு வைச்சிருப்பா, இறக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னம்தான் போடுவா. மிளகுத்தூளைப் பத்து மணித்தியாலம் அவிய விட்டால் மணம் எல்லாம் ஆவியாப் போயிடும், கசப்புத்தான் மிஞ்சும். உங்கட ரெண்டாவது சூப்புக்கு அதுதான் நடந்தது. முழு மிளகு பத்துப் பதினைஞ்சு மட்டும் முதலிலயே போடுங்கோ, இடிச்சதைக் கடைசி அரை மணித்தியாலத்தில போடுங்கோ. உப்பும் கடைசியில ருசி பார்த்துப் போடுங்கோ.

தண்ணி எலும்பு மூடுற அளவுக்கு மேல ரெண்டு விரல், அவ்வளவுதான். விறகடுப்பில தண்ணி வத்தும், இதில வத்தாது. அதால அப்பா ஊத்தின அளவை நீங்கள் ஊத்தினால் தண்ணியாத்தான் வரும்.

கீழடுக்கு (சிகாகோ)

மேலே சொன்ன இரண்டுமே சரி. என் பங்குக்குக் கொஞ்சம் மெஷின் சமாசாரம்.

ஃப்ரோசன் காலை நேராகப் போடாதீர்கள். ருசியை விடுங்கள், அது பாதுகாப்பில்லை. 4 டிகிரி செல்சியஸில் இருந்து 60 டிகிரி வரைதான் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஸ்லோ குக்கர் இயல்பாகவே மெதுவாகச் சூடாகும், உள்ளே பனிக்கட்டி இருந்தால் அந்த வெப்பநிலையிலேயே ரொம்ப நேரம் கிடக்கும். முதல் நாளே ஃப்ரிட்ஜுக்கு மாற்றி உருகவிடுங்கள். கொதித்த தண்ணீரையே ஊற்றுங்கள். ஆனால் பீங்கான் சட்டி ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லிப்போடு இருந்தால் விரிசல் விடும், பார்த்து.

லோ, ஹை இரண்டுமே பெரும்பாலான மாடல்களில் கடைசியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழேதான் போய் நிற்கும். எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதுதான் வித்தியாசம். காலில் கறி கம்மி, தோலும் நரம்பும்தான் அதிகம். அதில் இருக்கிற கொலாஜன் என்கிற புரதம் 70 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் இருந்தால்தான் கரைந்து, பிசுபிசுப்பு தருகிற ஜெலட்டின் ஆகும். எனவே எட்டு மணி நேரம் பத்தாது, லோவில் பத்திலிருந்து பன்னிரண்டு வையுங்கள். நடுவில் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் இருபது நிமிஷம், அரை மணி நேரம் பின்னுக்குப் போகும். உங்கள் அப்பா தட்டுமேல் செங்கல் வைத்தது சும்மா இல்லை.

சரியாக வந்ததா என்று தெரிய ஒரு வழி: ஆறிய சூப்பை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் சாய்த்துப் பாருங்கள். அல்வா மாதிரி ஆடினால் தேறிவிட்டது.

ஒரு கிளைக்கதை. இந்த மெஷினைக் கண்டுபிடித்த இர்விங் நாக்ஸனும் அம்மா சொன்ன கதையில் இருந்துதான் அதைப் பிடித்தார். அவர் அம்மா லிதுவேனியாவின் வில்னா பக்கத்து யூதக் குடும்பம். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், அடுப்பு மூட்டக்கூடாது. அதனால் பீன்ஸும் இறைச்சியும் போட்ட சட்டியை வெள்ளிக்கிழமை மாலையே ஊர் ரொட்டிக்கடை அடுப்பில் கொண்டுபோய் வைத்துவிடுவார்களாம். அடங்கிய அடுப்பின் சூட்டிலேயே விடிய விடிய வேகும். நாக்ஸனுக்கு 1940ல் காப்புரிமை கிடைத்தது, 1971ல் ரைவல் கம்பெனி அதைக் கிராக்-பாட் என்று பெயர் மாற்றி விற்றது. உங்கள் அப்பா சொன்ன "கரண்ட்டுல வேகுற மண்சட்டி" அப்படியே பொருந்துகிறது.

எட்டு விசில்

இவ்வளவு விஷயம் இருக்கிறது என்று தெரியாமல் எழுதிவிட்டேன். சுட்ட கால் இங்கே எந்தக் கடையில் கிடைக்கும் என்று நானும் தேடப் போகிறேன். ஆனாலும் என் ஓட்டு குக்கருக்குத்தான்.

பூட்டுக்காரர் மகள்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நேற்றுதான் அந்த ஞாயிறு.

சுட்ட கால் கிடைக்கவில்லை. பேரன் தம்பி சொன்னபடி ஓவனில் சுட்டேன். அலாரம் கத்தியது, அதுவும் இரண்டு தடவை. வெளியே மைனஸ் 22, எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் துண்டால் விசிற, நான் ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு காலைத் திருப்பிக்கொண்டிருந்தேன். மகனுக்கு ஒரே சிரிப்பு. முதல் கால் கறுத்து, அதைக் கத்தியால் சுரண்டினபோது கையில் ஏறியது ஒரு வாசம். சுரண்டுவதை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் அப்பா கொண்டுவரும் பை அப்படித்தான் இருக்கும்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். இவ்வளவு நாள் கேட்கத் தோன்றாமல் போனதுதான் என் புத்தி. "ஏண்டி, அவர் பச்சத் தண்ணியா ஊத்துவாரு? ராத்திரி சோத்துக்கு அரிசி களைஞ்ச ரெண்டாந் தண்ணிய எடுத்து வைக்கச் சொல்லுவாரு" என்றார். ஒரு வருஷமாகக் களைந்த தண்ணீரை சிங்கில் கொட்டிவிட்டு, அடுப்படியில் நின்று பதம் எங்கே, பதம் எங்கே என்று தேடியிருக்கிறேன்.

சரி, செய்ததைச் சொல்லிவிடுகிறேன். எட்டுக் கால், அதாவது இரண்டு செட். பத்து நிமிஷம் கொதிக்கவிட்டுக் கொட்டினேன். அரிசி களைந்த தண்ணீரைக் கொதிக்க வைத்து மூழ்கி இரண்டு விரல் நிற்கும்படி ஊற்றினேன். நசுக்கிய சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, மஞ்சள், முழு மிளகு, தக்காளி. சனி ராத்திரி ஆறு மணிக்கு லோவில் வைத்தேன். மூடியைத் தொடவே இல்லை, சத்தியமாக. காலையில் அஞ்சு மணிக்கு எழுந்து, இடித்த மிளகு சீரகம் மல்லியைப் போட்டு, உப்புப் பார்த்து, அரை மணி நேரம் கழித்து நல்லெண்ணெயில் கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினேன். மாமி, நீங்கள் சொன்ன கசப்பு துளிகூட இல்லை.

மகன் யாரும் கூப்பிடாமலேயே எழுந்து வந்தான். பல் விளக்கவில்லை.

முதல் டம்ளரைப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அண்ணனுக்கு வீடியோவில் காட்டினேன். பார்த்ததும் அவன் கேட்டது, "தக்காளி எதுக்குப் போட்ட? அப்பா தக்காளி போட மாட்டாரே" என்று. போடுவார் என்றேன், போடவே மாட்டார் என்றான். பத்து நிமிஷம் சண்டை. கடைசியில் அம்மாதான் போனை வாங்கித் தீர்த்துவைத்தார்: தக்காளி விலை இறங்கினால் போடுவாராம், ஏறினால் போட மாட்டாராம்.

கீழடுக்கு அவர்களுக்கு: மீதி இரண்டு டம்ளர் டப்பாவில் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. இப்போதுதான் சாய்த்துப் பார்த்தேன், அப்படியே இறுகி நிற்கிறது, ஆடக்கூட இல்லை.