அக்கரையில் நின்றுபோன அக்கா

கோத்தகிரிப் பேத்தி:
என் அப்பாயி இறந்து நாற்பது நாள் ஆகிறது. இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, 1971இல் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் சில வாரம் தங்கி, பிறகு நீலகிரி அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தே என் அப்பாவை ஆளாக்கியவர். இலங்கைத் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளான நாம் எல்லோரும் அறிந்த கதைதான் இது. என்னை உறுத்துவது ஒரேயொரு மாலை. இராமேசுவரத்தில் கடலைப் பார்த்தபடி நின்றிருந்தவரின் வலக்கைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் முந்தானை ஓரத்தைக் கொழுந்து கிள்ளுவதுபோலவே கிள்ளிக்கொண்டிருந்தன. "அக்காவுக்கு இன்னும் பேர் வரலையாடா?" என்று, இந்தியாவுக்கு அனுப்புவோர் பட்டியலை நினைத்துக் கேட்டார். அங்கேயே குடியுரிமை பெற்றுத் தங்கிவிட்ட அந்தப் பெரிய அப்பாயி இறந்து இருபது ஆண்டுகளாகின்றன என்பதை நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அந்த விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. அறைக்குத் திரும்பும்வரை அவர் பேசவேயில்லை.

கூடலூர் மகன்:
தங்கச்சி, "கப்பலேறி" என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் தோட்டத் தமிழர்கள் குறித்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலைகளைப் பங்கிட்டார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்களுடைய விருப்பம் அந்தக் கணக்கில் எங்கே இருந்தது? என் அம்மா சாகும்வரை "ஊர்" என்று சொன்னது இலங்கையிலுள்ள பண்டாரவளையைத்தான். "இதுதான் நம்ம ஊர்" என்று நான் ஒருமுறை கோபித்துக்கொண்டபோது, கல்லில் கிடந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டு, "உனக்கு இதுதான்யா" என்றார்.

வால்பாறை டீச்சர்:
என் அம்மாயி பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போகையில் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. இந்தியாவுக்கு வருவோருக்குக் கண்டியில் கொடுத்த குடும்ப ஆவணமான ஃபேமிலி கார்டைத் தகரப்பெட்டியிலேயே விட்டுவிடாதீர்கள். ஈரத்தில் தாள் பொடிந்துவிடும். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, கார்டிலுள்ள படத்தில் இருப்பவர்களின் பெயர், உறவுமுறை, தோட்டத்தின் பெயர் ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதி, வீட்டுப் பிள்ளைகள் எல்லோரிடமும் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள். தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும் நம் மக்கள் வைத்த பெயர் ஒன்றும் இருக்கும், இரண்டையும் குறியுங்கள். உயிரோடு இருக்கும் முதியவர்களிடம் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் மாற்றிச் சொன்னால் குறுக்கிட்டுத் திருத்தவேண்டாம்.

கோத்தகிரிப் பேத்தி:
டீச்சர், உங்கள் கடைசி வரியைத்தான் நான் அன்று கடற்கரையில் அறிந்திருக்கவில்லை. கூடலூர் அண்ணா, நீங்கள் சொன்னது சரி. அப்பாயி ஒருநாளும் "கப்பலேறினேன்" என்று சொன்னதில்லை; "எங்களைக் கப்பல் ஏத்திவிட்டாங்க" என்றுதான் சொல்வார். நான்தான் மாற்றி எழுதிவிட்டேன்.