பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

குமரன்_போரூர்:
அட்வான்ஸ் திரும்ப வாங்குவது பற்றிய இழையில் மாடிவீடு என்பவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "காலி பண்ணும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பதுதான் சட்டம். மனசில்லாதவர்கள் சொந்தமாகக் கட்டிக்கொள்ளட்டும்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை, அதனால்தான் தனி இழை.

எந்தச் சட்டம் சார்? தமிழ்நாட்டில் 2017இல் நிறைவேறி, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் படித்தீர்களா? யாருக்கு எந்தப் பராமரிப்பு என்று பிரித்தே போட்டிருக்கிறார்கள். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் தலையில். குழாய் வாஷர், ஸ்விட்ச், பூட்டு, உடைந்த கண்ணாடி இதெல்லாம் குடியிருப்பவர் தலையில். என் வீட்டுக்காரர் (மாடிவீடு அல்ல, வேறொருவர்) எனக்கு 16,000 ரூபாய் பிடித்தார். காரணம், ஹாலில் காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடித்தேனாம்.

மாடிவீடு:
ஆணி அடித்ததை நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். நன்றி.

சொத்து மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 108. வீட்டை வாங்கிக்கொண்டபோது எந்த நிலையில் இருந்ததோ அதே நல்ல நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் சாவி கொடுக்கும்போது சுவரில் ஆணி இருந்ததா? இல்லை. போகும்போது இருக்கிறது. கணக்கு அங்கேயே முடிந்தது.

குமரன்_போரூர்:
பாதி வரியைப் படித்துவிட்டு வராதீர்கள். அதே பிரிவில் "நியாயமான தேய்மானம் போக" என்று இருக்கிறது. மூன்று வருஷம் மனிதர்கள் குடியிருந்தால் சுவர் மங்கத்தான் செய்யும். அதற்குத்தானே மாதாமாதம் வாடகை கொடுத்தேன்?

மாடிவீடு:
தேய்மானம் தானாக வருவது. ஆணி தானாக வராது, யாரோ சுத்தியலை எடுத்து அடித்தால்தான் வரும். இதைப் புரிந்துகொள்ள வக்கீலுக்குப் படிக்க வேண்டியதில்லை.

அப்புறம், பிரிவு 108இன் தொடக்கத்தையும் படியுங்கள். வேறு ஒப்பந்தமோ உள்ளூர் வழக்கமோ இல்லாதபோதுதான் அது பொருந்தும். ஒரு மாதம் பிடிப்பது இந்த ஊர் வழக்கம். என் ஒப்பந்தத்திலும் எழுதியிருக்கிறேன், கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டு இங்கே வந்து அழுதால் எப்படி?

வசந்தா_மேடவாக்கம்:
கையெழுத்து பற்றிப் பேசுகிறார் பாருங்கள். சாமான் வண்டி வாசலில் நிற்கும்போது ஒப்பந்தத்தை நீட்டுவார்கள். அந்த நேரத்தில் யார் 14ஆவது ஷரத்தைப் படிக்கிறார்கள்? "சும்மா வழக்கமான ஃபார்மட்தான்மா" என்பார்கள். காலி பண்ணும்போதுதான் அந்தத் தாள் வேதமாகிவிடும்.

குமரன் சொன்ன 2017 சட்டத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் இருக்கிறது. மாடிவீடு சார் எத்தனை மாதம் வாங்குகிறார் என்று சொல்லட்டும்.

மாடிவீடு:
வசந்தா மேடம், போன மாதம் தண்ணீர் மோட்டார் இழையில் பதில் சொல்ல முடியாமல் போனவர்தானே நீங்கள்? இங்கே அட்வான்ஸ் பற்றிப் பேச்சே இல்லை. பெயிண்டிங் பற்றிப் பேச்சு. ஆணி பற்றிப் பேச்சு. "வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், எனக்கு ஒப்பந்தம் இருக்கிறது. போதுமா?

வசந்தா_மேடவாக்கம்:
பதில் சொல்ல முடியாமல் இல்லை, உங்களோடு பேசி நேரம் போகிறதே என்று விட்டுவிட்டேன். மோட்டார் சுவிட்சைப் பூட்டி வைக்கிற வீட்டுக்காரர்கள் எல்லாம் சட்டம் பேசுகிறார்கள்.

பட்டி_செல்வம்:
நான் பெயிண்டிங் கான்ட்ராக்ட் எடுக்கிறவன். வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆணி ஓட்டையை அடைக்க ஒரு சிட்டிகை பட்டி போதும். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே ஒரு கை பெயிண்ட் அடித்தால் ஓட்டை போய்விடும். ஆனால் பழைய சுவரில் புது எமல்ஷன் பட்டால் அந்த இடம் மட்டும் திட்டாகத் தெரியும், அதே நம்பர் கலர் வாங்கினாலும் சரி. வெயில் பட்டுச் சுவர் மங்கியிருக்கும் அல்லவா. அதனால் அந்தச் சுவர் முழுக்க அடித்தால்தான் பார்க்க நன்றாக இருக்கும்.

மாடிவீடு:
கேட்டீர்களா! தொழில் தெரிந்தவரே சொல்லிவிட்டார். ஒரு ஆணிக்கு ஒரு சுவர்.

குமரன்_போரூர்:
ஒரு சுவர் என்றுதான் சொன்னார், ஒரு மாத வாடகை என்று சொல்லவில்லை. இரண்டு படுக்கையறை, ஹால், சமையலறை, பாத்ரூம் கூரை வரைக்கும் என் ஆணிதான் காரணமா? செல்வம் அண்ணே, நீங்களே சொல்லுங்கள், ஒரு சுவர் மங்கியிருந்தது என்றால் அது ஆணியாலா, வெயிலாலா?

பட்டி_செல்வம்:
மங்குவது வெயிலால்தான் தம்பி. என்னை இதில் இழுக்காதீர்கள், எனக்கு இரண்டு பக்கமும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். ஓதம் ஏறி உப்புப் பூத்த சுவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அதற்கு மேலே பெயிண்ட் அடித்துப் பயனே இல்லை. தண்ணீர் எங்கிருந்து கசிகிறது என்று பார்த்து முதலில் அதை அடைக்க வேண்டும், அது வீட்டுக்காரர் வேலை.

மாடிவீடு:
என் வீட்டில் ஓதம் கிடையாது. ஆணிதான் இருக்கிறது.

வழக்காடி:
இரண்டு பேரும் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போய்விட்டீர்கள். 1882 சட்டம் பொது. 2017 சட்டம் வாடகைக்கென்றே வந்த தனிச் சட்டம். இரண்டும் மோதும் இடத்தில் தனிச் சட்டத்துக்குத்தான் முதலிடம், "உள்ளூர் வழக்கம்" என்று வாதாடுவது அங்கே கடினம். அட்வான்ஸைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், முறையான பிடித்தம் போக, திருப்பித் தர வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. பிடித்தம் முறையானதா என்ற தகராறையும் அந்தச் சட்டத்தின் கீழ்தான் கொண்டுபோக வேண்டும்.

அதற்கு முன் ஒரு கேள்வி. மாடிவீடு சார், உங்கள் ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம், அதாவது 2017 சட்டப்படி ஒப்பந்தங்களைப் பதியும் அரசு அதிகாரியிடம், பதிந்திருக்கிறீர்களா? பதிவு எண் இருக்கிறதா?

மாடிவீடு:
11 மாத ஒப்பந்தத்துக்குப் பதிவு தேவையில்லை. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

வழக்காடி:
அது 1908 பதிவுச் சட்டம். வருஷக் குத்தகையோ ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையோ என்றால்தான் அங்கே கட்டாயப் பதிவு, அதனால்தான் எல்லோரும் 11 மாதம் என்று எழுதுகிறார்கள். 2017 சட்டம் கேட்பது வேறு பதிவு. எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் போக வேண்டும். சார்பதிவாளர் அலுவலகமும் இதுவும் ஒன்றல்ல.

மாடிவீடு:
உங்கள் படிப்பு உங்களோடு. என் தெருவில் ஒருவரும் அப்படிப் பதியவில்லை. கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஆணி அடித்தாரா, இல்லையா?

குமரன்_போரூர்:
அடித்தேன்! ஒரு ஆணி, ஒரு அங்குலம். காலி பண்ணும்போது நானே பிடுங்கிப் பட்டியும் வைத்தேன். இப்போது நீங்கள் சொல்லுங்கள், நான் குடிவந்தபோது அந்தச் சுவர் புதிதாக அடித்ததா? எனக்கு முன்னால் இருந்தவரிடமும் ஒரு மாதம் பிடித்திருந்தார்கள், அவரே சொன்னார். அந்தப் பணத்தில் பிரஷ் சுவரைத் தொடவே இல்லை. சமையலறையில் அவர் மிக்ஸி வைத்த இடத்துக் கறை எனக்கு அப்படியே வந்தது. ஒரே சுவருக்கு எத்தனை பேரிடம் வாங்குவீர்கள்?

மாடிவீடு:
நீங்கள் என் வீட்டில் குடியிருக்கவில்லை. வேறு யாரோ செய்ததற்கு என்னைக் கேட்காதீர்கள். என் வீட்டில் ஒவ்வொரு முறையும் அடிக்கிறேன், பில் இருக்கிறது.

வசந்தா_மேடவாக்கம்:
அப்படியென்றால் பில்லைக் காட்டி, ஆன செலவை மட்டும் பிடியுங்களேன். எதற்கு "ஒரு மாத வாடகை"? வாடகை ஏறினால் பெயிண்ட் விலையும் கூடவே ஏறுமா?

இன்னொன்றும் சொல்கிறேன். வருமான வரியில் வாடகை வருமானத்திலிருந்து 30 சதவீதம் கழித்துக்கொள்ளலாம், பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும். கட்டிய சொத்து வரியை அதற்கு முன்பே கழித்துக்கொள்ளலாம். அரசாங்கமும் 30 சதவீதம் விட்டுக்கொடுக்க வேண்டும், குடியிருப்பவரும் ஒரு மாதம் கொடுக்க வேண்டும். ஒரு சுவருக்கு இரண்டு வரவு.

மாடிவீடு:
வாங்க, இதற்குத்தான் காத்திருந்தேன். 30 சதவீதம் எனக்குச் சும்மா கிடைக்கிறதா? சொத்து வரி, குடிநீர் வரி, மொட்டைமாடிக்குத் தட்டோடு பதிப்பது, செப்டிக் டேங்க் லாரி, மோட்டார் எரிந்தால் காயில் கட்டுவது, இரண்டு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் அந்த நஷ்டம். வங்கிக் கடன் தவணை வேறு. பணி ஓய்வுப் பணத்தைப் போட்டுக் கட்டிய வீடு இது. கொத்தனாரோடு வெயிலில் நின்றது நான். முகம் தெரியாத ஒருவர் வந்து சுவரில் சுத்தியல் அடிக்கும்போது எனக்கு வலிக்கும், அது உங்கள் யாருக்கும் புரியாது.

குமரன்_போரூர்:
வலிக்கிறது சரி. வலிக்கு 16,000 என்று எந்த அட்டவணையில் இருக்கிறது?

வழக்காடி:
பதிவு எண் பற்றி இன்னும் பதில் வரவில்லை.

வசந்தா_மேடவாக்கம்:
வராது. வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வருமான வரியில் வீட்டு வாடகைப் படிக் (HRA) கழிவுக்கு வீட்டுக்காரரின் பேன் (PAN) எண்ணை ஆபீசில் கேட்பார்கள். கேட்டுப் பாருங்கள், அதுவும் வராது. "அந்தக் கழிவெல்லாம் வேண்டாம்மா, வாடகையைப் பணமாகக் கொடுத்துவிடு" என்பார்கள்.

மாடிவீடு:
என் வாடகை எல்லாம் வங்கியில்தான் வருகிறது. என்னை வரி ஏய்ப்பவன் என்று மறைமுகமாகச் சொல்கிறீர்களா? நிர்வாகி கவனிக்கவும். இந்த அம்மா மோட்டார் இழையிலும் இப்படித்தான் ஆரம்பித்தார்.

வசந்தா_மேடவாக்கம்:
உங்கள் பெயரை நான் சொல்லவே இல்லையே.

பட்டி_செல்வம்:
சார், பில் போட்டுப் பிடிப்பதாக இருந்தால் ஜிஎஸ்டி பில் கேட்காதீர்கள், எங்களைப் போன்ற சின்ன ஆட்களிடம் அது இருக்காது.

மாடிவீடு:
செல்வம், உங்களிடம் யாரும் பில் கேட்கவில்லை. ஒரு ஆணிக்கு ஒரு சுவர் என்று சொன்னீர்கள், அந்தப் பேச்சில் நில்லுங்கள். பேன் எண் பற்றித் தனி இழை போடட்டும், அங்கேயும் வருகிறேன்.