ஷின்டெனுக்கு இவ்ளோ காசா? பேர் தெரியாத ஜப்பான் விமானம் சேக்குறவங்க வாங்க பேசலாம்

நாரை72:
2023 காட்ஸில்லா படத்துல ஷின்டென்னு ரெண்டாம் உலகப்போர் கால ஜப்பான் சண்டை விமானம் வந்துச்சுல்ல, அதுல இருந்து டைகாஸ்ட் (அச்சுல உலோகம் ஊத்திச் செஞ்ச ரெடிமேட் மாடல்) வாங்குற யாரப் பாத்தாலும் ஷின்டென் பேச்சுதான். நேத்து ஒருத்தர் போட்டோ போட்டிருக்காரு, நெஜ விமானத்துல 72ல ஒரு பங்கு சைஸ் மாடல், வால்ல படைப்பிரிவு நம்பர், காக்பிட்டுக்கு கீழ வரிசையா சுட்டு வீழ்த்துன குறி வேற. ஏங்க, அது மொத்தமே மூணு தடவதான் பறந்துச்சு, முதல் தடவ 1945 ஆகஸ்ட் 3, எல்லாத்தையும் கூட்டுனா ஒரு மணி நேரம் கூட தேறாது, 15ந்தேதி ஜப்பான் சரணடைஞ்சாச்சு. யாரச் சுட்டுச்சாம்? அதே காசுக்கு கி-100 தேடலாம், ஷிடென்-காய் தேடலாம், ரெண்டுமே நெஜமா சண்டைக்குப் போன ஜப்பான் ஃபைட்டர்ங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச ஜப்பான் ஃபைட்டர் ஜீரோவத் தாண்டி சேக்கணும்னு வந்தாச்சுன்னா சண்டை பாத்தத சேருங்க, டிசைன் வரைபடத்த சேக்காதீங்க.

வாலில்லா_குருவி:
அந்த போட்டோ நான் போட்டதுதான் பாஸ். வரைபடம்லாம் இல்ல, ரெண்டு ப்ரோட்டோடைப் கட்டுனாங்க, ஒண்ணோட முன்பாதி இன்னிக்கும் அமெரிக்காவுல உட்வார்-ஹேஸி ம்யூசியத்துல இருக்கு. இன்ஜின் பின்னாடி, ஆறு பிளேடு ப்ரொப்பெல்லர் அதுக்கும் பின்னாடி, சின்ன றெக்கை மூக்குக்கிட்ட, மூக்குல நாலு 30 மி.மீ. பீரங்கி வைக்கிறதா ப்ளான். இப்படி ஒரு உருவம் அலமாரியில இருந்தா வீட்டுக்கு வர்றவன் நின்னு கேப்பான், ஜீரோவ எவன் கேக்குறான். உங்க ரூல்படி பாத்தா ஐச்சி செய்ரானையும் தூக்கிப் போடணுமே? ஜப்பானோட ஐ-400 சப்மரீனுக்குள்ள றெக்கைய மடிச்சு வச்சு கொண்டுபோக செஞ்ச விமானம், 28 தான் செஞ்சாங்க, அமெரிக்கக் கப்பல்படை நின்ன உலித்தி தீவத் தாக்க போயிட்டிருக்கும்போதே போர் முடிஞ்சுது, ஒரு குண்டு கூட எதிரி மேல போடல. அது வேணும், இது வேணாமா?

நாரை72:
செய்ரான் கேஸ் வேற. ஆளுங்க ட்ரெயினிங் எடுத்து கப்பல்ல ஏறி கிளம்பிட்டாங்க. ஷின்டெனுக்கு படைப்பிரிவே கிடையாது, இல்லாத படைக்கு வால்ல நம்பர் அடிக்கிறான், அதுக்கு நாம காசு குடுக்குறோம். விமானத்த குறை சொல்லல, பெயின்ட்டத்தான் சொல்றேன்.

பசை_டப்பா:
ரெண்டு பேரும் தப்பான கடையில நின்னு சண்டை போடுறீங்க. இந்த மாதிரி விமானத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் கிட்தான். டைகாஸ்ட் அச்சுக்கு செலவு ஜாஸ்தி, அதனால ஜீரோன்னா பத்து பெயின்ட் மாத்தி விப்பான், மத்தது ஒரு தடவ வந்தா உண்டு. வந்தாலும் டீட்டெயில் போயிரும். குருவி, உங்க ஷின்டென்ல ரெண்டு பக்க வால் துடுப்புக்கு அடியில குட்டிச் சக்கரம் இருக்கா பாருங்க. தரையில ஓட்டிப் பாக்கும்போது மூக்கு தூக்கி ப்ரொப்பெல்லர் நுனி ரன்வேயில அடிச்சுருச்சு, அதுக்கப்புறம்தான் ஷிராகிகு பயிற்சி விமானத்தோட வால் சக்கரத்த எடுத்து அங்க மாட்டுனாங்க. கி-100ம் அப்படித்தான். அது ஹியென்ங்கிற ஃபைட்டரோட உடம்புல வேற இன்ஜின் மாட்டுனது. ஹியென் உடம்பு 84 செ.மீ. அகலம், மாட்டுன ரேடியல் இன்ஜின் (சிலிண்டர் வட்டமா நிக்கிறது) 1.22 மீட்டர், அந்த தோள்பட்டைய சரியா காட்டலைன்னா அது கி-100ஏ இல்ல. டைகாஸ்ட்காரன் என்ன பண்ணுவான், பழைய ஹியென் அச்சுல மூக்க மட்டும் மாத்தி ஒட்டிருவான்.

வாலில்லா_குருவி:
ஹியென் செஞ்ச கவாசாகி கம்பெனியும் அதத்தானண்ணே பண்ணுச்சு 😂 அகாஷி இன்ஜின் ஃபேக்டரி குண்டுல போச்சு, இன்ஜின் இல்லாம 270 சொச்சம் ஹியென் உடம்பு சும்மா நின்னுச்சு, மிட்சுபிஷி இன்ஜின எடுத்து மாட்டிட்டாங்க. சக்கரம் இருக்கு, இப்பதான் பாத்தேன்.

நாரை72:
பசை அண்ணே சொல்றது சரிதான், ஆனா கிட் கட்ட எல்லாருக்கும் கை வராது, எனக்கு ஏர்பிரஷ் வைக்க பால்கனி கூட இல்ல. இன்னொண்ணு, கையில எடுத்தா அந்த வெயிட்டு, அது பிளாஸ்டிக்ல வராதுண்ணே.

பசை_டப்பா:
வெயிட்டு இருக்கும், கூடவே ஜிங்க் அழுகலும் இருக்கும். கலவையில ஈயம் கொஞ்சம் கலந்துட்டா போதும், சில வருஷத்துல உள்ளுக்குள்ள வெடிப்பு விட்டு றெக்கை உப்பி வளைஞ்சுரும், பெயின்ட் மேல கொப்புளம் மாதிரி வரும். ஒட்டவும் முடியாது, ஒண்ணும் முடியாது.

நாரை72:
அது பழைய பொம்மைக் காருங்க கதைண்ணே. இப்ப கலவைய சுத்தமாத்தான் ஊத்துறாங்க, எப்பவாவது ஒரு பேட்ச் மாட்டும். டைகாஸ்ட்ல உண்மையான தலைவலி பெயின்ட்தான். ஜப்பான் ராணுவ விமானத்துல ப்ரைமர் இல்லாம அடிச்ச பச்சை உரிஞ்சு உரிஞ்சு அடியில அலுமினியம் தெரியும், அந்தக் கால போட்டோ எதப் பாத்தாலும் அப்படித்தான் இருக்கும். மாடல்ல ஷோரூம் பைக் மாதிரி பளபளன்னு வருது. அதான் நான் பெயின்ட் அடிக்காத ஹியென் தேடுறேன், ககாமிகஹாரா ம்யூசியத்துல நிக்கிற நெஜ ஹியென் கூட வெறும் உலோகமாத்தான் நிக்குது.

கொட்டியாரன்:
அண்ணையவை, நீங்கள் சொல்லுறது முழுக்க 1945 யப்பானுக்கு மேல பறந்த கதை. எங்கட பக்கம் வந்தது வேற. 1942 ஏப்ரல் 9 திருகோணமலையில குண்டு போட்டது நகாஜிமா கேட் (Kate) எண்ட யப்பான் குண்டு விமானம், அண்டைக்கே மட்டக்களப்புக் கடலில ஹேர்மிஸ் எண்ட பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலைத் தாட்டது ஐச்சி வால் (Val), டைவ் அடிக்கேக்கையும் உள்ள இழுக்காத நிலையான சக்கரத்தோட திரிஞ்ச விமானம். ரெண்டும் டைகாஸ்டில வந்திருக்கு, ஆனா பெட்டியில எப்பவும் பேர்ல் ஹார்பர்தான். ஏப்ரல் 42 எண்டு போட்டு ஆரும் விக்கினமோ?

நாரை72:
வாங்க கொட்டியாரன். பெட்டிய விடுங்க, உடம்புல பின்பக்கம் இருக்குற பட்டைய பாருங்க. எந்தக் கப்பலோட விமானம்னு அதுதான் சொல்லும். பேர்ல் ஹார்பருக்கு போன ஆறு விமானந்தாங்கிக் கப்பல்ல அஞ்சு உங்க பக்கமும் வந்துச்சு. அகாகின்னா ஒரு சிவப்புப் பட்டை, சோர்யு ஒரு நீலம், ஹிர்யு ரெண்டு நீலம், ஷோகாகு ஒரு வெள்ளை, ஸுய்காகு ரெண்டு வெள்ளை. இதுல எத வாங்குனாலும் உங்க ஊருக்கு வந்த கப்பலோடதுதான். காகா மட்டும் வரல, அதுக்கு ரெண்டு சிவப்பு, அத எடுத்துராதீங்க.

கொட்டியாரன்:
நல்லா இருக்கு போங்கோ. நான் விலை பேசி வச்சிருக்கிறதே ரெண்டு சிவப்புதான்.