எஸ்எஃப்டிபி சாவி: கணினி அதிகம் தெரியாதவங்களுக்கு எளிய வழி இருக்கா?

வணக்கம். எங்க அச்சகத்துக்கு எஸ்எஃப்டிபி (சர்வருக்குப் பாதுகாப்பா ஃபைல் அனுப்புற முறை) வழியா டிசைன் ஃபைல் அனுப்புற பத்துப் பேருக்கும் பாஸ்வேர்டை நிறுத்திட்டு எஸ்எஸ்ஹெச் சாவிக்கு மாறச் சொன்னேன். இது ஒரு ஜோடி: பப்ளிக் கீயை எனக்கு அனுப்பணும், பிரைவேட் கீயை அவங்களே ரகசியமா வெச்சுக்கணும். அன்னையிலேர்ந்து போன் ஓயல.

சாவி உருவாக்குற புட்டிஜென் புரோகிராம்ல 'சேவ் பப்ளிக் கீ' அழுத்தினா பல வரியா ஃபைல் வருது. சர்வர்ல அனுமதிச்ச சாவிகளை வைக்கிற 'ஆத்தரைஸ்டு கீஸ்' ஃபைலுக்கு அது ஆகாது. மேல் பெட்டியில இருக்கிற ஒரே நீள வரியைத்தான் காப்பி பண்ணணும்னு எத்தனை தடவைதான் சொல்றது! நேத்து ஒரு அண்ணாச்சி பிரைவேட் கீயையே வாட்ஸ்அப்ல அனுப்பிட்டார். "ரெண்டையும் அனுப்பிட்டேன் தம்பி, எது வேணுமோ எடுத்துக்கோ." அந்தச் சாவியைத் தூக்கிட்டு, புதுசா உருவாக்க வெச்சேன்.

விண்டோஸ் 10-லயே இருக்கிற எஸ்எஸ்ஹெச்-கீஜென்ங்கிற சாவி உருவாக்குற கட்டளையை ஓட்டி, பப்ளிக் கீயை மட்டும் டெஸ்க்டாப்ல வைக்கிற பேட்ச் ஃபைல் (டபுள் கிளிக் பண்ணினா கட்டளைகளைத் தானா ஓட்டுறது) யார்கிட்டயாவது இருக்கா? ஃபைல் அனுப்ப எல்லாரும் வெச்சிருக்கிறது வின்எஸ்சிபி புரோகிராம்தான். சாவியை பிபிகே-வா (புட்டியோட சாவி ஃபைல் வடிவம்) மாத்தவான்னு அது கேட்டாலே பாதிப் பேர் மிரள்றாங்க.